ஹாசன்ஹைடே பூங்காவும் ஒரு ஜோடிக் கம்பியும்

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ மாலையில் ஓடப் போகும் பெர்லின் பூங்காவின் பெயர் ஹாசன்ஹைடே என்று போன வாரம் சொன்னபோது எனக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை. 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவனுக்கு அது பாடத்தில் படித்த பெயர்.

1806இல் நெப்போலியனிடம் தோற்றுத் துவண்டிருந்த, பெர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்ய நாட்டின் இளைஞர்களை உடல்வலுவால் நிமிர்த்திவிடலாம் என்று நம்பிய ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர், 1811இல் அந்த இடத்தில்தான் தம் மாணவர்களுக்குத் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்தார். எல்லாம் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. மரக்குதிரையில் ஏறிப் பழகுவது ரோமானியப் படைவீரர்கள் காலத்திலேயே உண்டு, குட்ஸ்மூட்ஸ் என்பவர் 1793லேயே இளைஞர் உடற்பயிற்சிக்கென்று புத்தகம் எழுதிவிட்டார். ஆனால் அந்தக் குதிரைமேல் தம் எடையைத் தாங்க முடியாத பையன்களின் கைகளுக்கு வலுவேற்ற, இரண்டு மரக்கட்டைகளை இணையாக நட்டு பாரலல் பாரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் யான்தான். நம் பள்ளியின் துருப்பிடித்த பாரில் புதுப் பையன் கையூன்றி எழும்பும்போது தோள்கள் காதுவரை ஏறி, பத்து எண்ணுவதற்குள் முழங்கை நடுங்குமே, அந்த நடுக்கத்துக்காகவே பிறந்த கருவி அது.

1819இல் கோட்செபூ என்ற எழுத்தாளரைக் குத்திக் கொன்ற மாணவன், யானின் களத்திலிருந்து வளர்ந்த உடற்பயிற்சி இயக்கத்தைச் சேர்ந்தவன் என்பதால் அரசுக்குச் சந்தேகம் முற்றியது. அதே ஆண்டில் யான் கைதானார். 1820இல் பிரஷ்யாவின் களங்கள் மூடப்பட்டன. 1842 வரை தடை நீங்கவில்லை. கம்பியில் தொங்கும் பையன்களைக் கண்டு ஓர் அரசு அவ்வளவு அஞ்சியிருக்கிறது! அதற்காக யான் என்ற அந்த மனிதரை நான் தியாகியாக்க மாட்டேன். பிரெஞ்சுக்காரர் மீதும் யூதர் மீதும் அவருக்கிருந்த வெறுப்பு அவருடைய தேசப்பற்றோடு பின்னிக் கிடந்தது. வகுப்பில் அவரைப் புகழ்ந்து பேசிய நாட்களில் இதை நான் சொல்லாமல் விட்டது தவறு.

1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பாரலல் பாரில் தங்கம் வென்றவர் ஆல்ஃபிரட் ஃப்ளாட்டோ. அவர் யூதர். சர்வதேசப் போட்டி என்பதே பிடிக்காத ஜெர்மன் உடற்பயிற்சிச் சங்கம் அதைப் புறக்கணித்தபோதும், அவரும் உறவினர் குஸ்டாவ் ஃபீலிக்ஸ் ஃப்ளாட்டோவும் ஜெர்மனிக்காக ஆடி, அணியாகவும் தங்கம் பெற்றார்கள். பின்னர் நாஜிகள் இருவரையும் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைத்தார்கள். ஆல்ஃபிரட் 1942இலும், குஸ்டாவ் 1945இலும் அங்கேயே இறந்தார்கள்.

உன் பூங்காவில் 1872இல் நிறுவிய யானின் வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் அடியில் பல நாட்டுச் சங்கங்கள் அனுப்பிய கற்களைப் பதித்திருக்கிறார்களாம். ஒலிம்பிக் மைதானத்தின் அருகே ஃப்ளாட்டோ பெயரில் ஒரு சாலையும் உண்டு. நேரம் கிடைக்கும்போது இரண்டையும் படம் எடுத்து அனுப்பு அம்மா. சாலையின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியட்டும்.

அன்புடன்,
அப்பா