தலைமையாசிரியர் வகுப்புல போய் உக்காரணும்

வணக்கம் ஆசிரியர் அவர்களே,

ஒரு தமிழ்ப்பள்ளிக்கு புது தலைமையாசிரியர் வர்றாருன்னு தெரிஞ்சா போதும், பினாங்குல எங்க பக்கத்து வாட்சாப் குரூப்பெல்லாம் பத்திக்கும். ஆள் எப்படி, ஆக்டிவா, மேல ஆளுங்கள தெரியுமா, மானியம் கொண்டு வருவாரா, இதான் கேள்வி. தப்புன்னு சொல்ல மாட்டேன், கூரை ஒழுகுற பள்ளிக்கு மானியம் வேணும்தானே. ஆனா பாடம் நடத்துறத பத்தி இவருக்கு என்ன தெரியும், ஆசிரியருங்களோட உக்காந்து வேலை செய்வாரான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல, அதுக்காகத்தான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமா போனாலும் தயவு செஞ்சு போடுங்க.

நான் பட்டர்வொர்த் பக்கம் இருக்கேன், ரெண்டு புள்ளைங்களும் தமிழ்ப்பள்ளிதான், பெற்றோர் ஆசிரியர் சங்க செயலவையிலயும் இருக்கேன். முன்ன ஆறாம் ஆண்டு புள்ளைங்க எழுதுற அரசாங்க தேர்வு யூபிஎஸ்ஆர் இருந்தப்ப தலைமையாசிரியர எடை போட ஒரு சுலபமான வழி இருந்துச்சு, ஏழு தாள்லயும் ஏ வாங்குன 7ஏ எத்தன பேரு, 2016-லருந்து இங்கிலீஷ் ரெண்டு தாளா ஆனப்புறம் 8ஏ எத்தன பேரு, பேனர் அடிச்சு கேட்டுல மாட்டிட்டா அவர் கெட்டிக்காரர். நல்லா படிக்கிற புள்ளைங்கள மட்டும் பொறுக்கி எக்ஸ்ட்ரா கிளாஸ் வச்சு அந்த பேனர அடிச்ச பள்ளியும் உண்டு, மலாய்ல தடுமாறுன புள்ளைங்க சத்தமில்லாம ரிமூவ் கிளாஸ்க்கு, அதாவது இடைநிலைப்பள்ளி முதல் படிவத்துக்கு முன்னால மலாய்க்காக ஒரு வருஷம் கூட படிக்கற வகுப்புக்கு, போச்சு. 2021-ல யூபிஎஸ்ஆர எடுத்தாச்சு. இப்ப அந்த இடத்துல வந்து உக்காந்திருக்கறது ஃபேஸ்புக் படமும் புத்தாக்க போட்டி மெடலும்தான். மெடல் வாங்குன புள்ளைங்களுக்கு மனசார வாழ்த்து சொல்றேன், ஆனா மெடல் வாங்குறது நாலஞ்சு பேரு, மிச்ச புள்ளைங்க வகுப்புக்குள்ள என்ன கத்துக்கறாங்கன்னு அந்த படத்துல தெரியாது.

நல்ல தலைமையாசிரியர்னா யாருன்னு வெளிநாட்டுல உக்காந்து ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. நியூசிலாந்து பேராசிரியர் விவியன் ராபின்சனும் அவங்க கூட இருந்தவங்களும் பல ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்து 2008-ல எழுதுனாங்க, பெரிய பெரிய லட்சியம் பேசி ஊக்கம் குடுக்கற தலைமைய விட, பாடம் நடத்துறதுல நேரா இறங்கி வேலை செய்யற தலைமையாலதான் புள்ளைங்க படிப்புக்கு மூணு நாலு மடங்கு பலன்னு. அதுலயும் எது ரொம்ப பலன் குடுத்துச்சுன்னா, ஆசிரியருங்க கத்துக்கற பயிற்சிக்கு தலைமையாசிரியர் ஏற்பாடு மட்டும் பண்ணிட்டு போகாம அவரும் கூட உக்காந்து கத்துக்கறது. நம்ம பக்கம் எப்படி நடக்குது? பயிற்சிய தொறந்து வச்சு பேசிட்டு, குரூப் போட்டோ எடுத்துட்டு, ஆபிஸ் ரூம் போயிடறாங்க.

இன்னொண்ணு, இத படிச்சப்ப எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அமெரிக்காவுல மயாமி பக்கம் தலைமையாசிரியருங்க பின்னாலயே ஆள் அனுப்பி, நாள் முழுக்க யார் எதுல நேரம் செலவு பண்றாங்கன்னு குறிச்சு, ஜேசன் கிரிசம் குழு 2013-ல வெளியிட்டாங்க. வகுப்பு வகுப்பா சும்மா எட்டிப்பாத்துட்டு போற ரவுண்ட்ஸ்ல நிறைய நேரம் போன பள்ளிங்கள்ல புள்ளைங்க முன்னேற்றம் கூடல, குறைவாத்தான் இருந்துச்சாம். ஆசிரியர்கிட்ட உக்காந்து பாடத்த பத்தி பேசி வழிகாட்டுறதுல நேரம் போன இடத்துலதான் முன்னேற்றம். நம்ம ஆளுங்க ரவுண்ட்ஸ் போறதத்தான் பெரிய நிர்வாகம்னு நினைக்கிறோம், அதனாலதான் இத அழுத்தி சொல்றேன்.

பேப்பர்ல படிச்சத வச்சு மட்டும் சொல்லல, கண்ணால பாத்ததும் இருக்கு. பள்ளி பேர் வேணாம். ஒரு நாள் சங்க வேலையா காண்டின்ல விளையாட்டு சட்டை கட்டு பிரிச்சு அளவு பாத்துட்டு இருந்தேன், பக்கத்து மேசையில அந்த பள்ளி தலைமையாசிரியை, ரெண்டாம் ஆண்டு கணக்கு டீச்சரோட உக்காந்திருந்தாங்க, மேசை மேல அஞ்சு நோட்டு விரிச்சு வச்சிருந்துச்சு. 402-லருந்து 178 கழிக்கற கணக்கு. அஞ்சு புள்ளைங்களுமே 376-னு போட்டிருக்கு. தலைமையாசிரியை அம்மா காலையில அந்த பாடம் முழுசும் வகுப்பு கடைசியில உக்காந்து பாத்திருக்காங்க. "டீச்சர், அஞ்சு பேரும் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்காங்க, ஏன்னு நினைக்கிறீங்க?"ன்னு கேட்டாங்க, அதட்டல் இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்க கேக்கற குரல். டீச்சர் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஆமாங்கம்மா, மேல கீழ பாக்காம பெருசுலருந்து சின்னத கழிச்சிருக்காங்க, நடுவுல சுழி இருக்கறதால கடன் வாங்கவே தெரியல"ன்னாங்க. அப்புறம் ஐஸ்கிரீம் குச்சிய பத்து பத்தா கட்டி, பத்து கட்ட சேத்து ஒரு நூறாக்கி, அந்த நூற பிரிச்சு காட்டலாம்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணாங்க. வியாழக்கிழமை மறுபடி அதே கணக்கு, நானும் வந்து உக்காரறேன், சரியா வருதான்னு பாப்போம்னு சொல்லிட்டு அம்மா எந்திரிச்சாங்க.

மொத்தமே கால் மணி நேரம் இருக்கும். இதுக்கு மானியம் வேணாம், அமைச்சர் வரவேணாம். ஆனா அந்த டீச்சருக்கு அடுத்த வருஷம் எந்த வகுப்பு குடுத்தாலும் கழித்தல் சொல்லிக்குடுக்கும்போது இந்த அஞ்சு நோட்டு ஞாபகத்துக்கு வரும். தலைமையாசிரியர்னா இதான் வேலைன்னு நான் நினைக்கிறேன், மத்ததெல்லாம் இதுக்கு இடம் பண்ணி குடுக்கற வேலை.

சரி, ஏன் எல்லாரும் இப்படி செய்யறதில்ல? மனசில்லன்னு ஒரேடியா சொல்லிட முடியாது. நம்ம தமிழ்ப்பள்ளிங்கள்ல நிறைய 150 பேருக்கும் கொறஞ்ச பள்ளி, ஆபிஸ்ல ஆள் கம்மி, தலைமையாசிரியரே பாடமும் எடுக்கணும், மாவட்ட கல்வி இலாகா கூட்டத்துக்கும் ஓடணும், டேட்டா கீ-இன் பண்ணணும், அரசாங்கம் ஒரு பகுதி செலவு மட்டும் குடுக்கற பகுதி உதவி பள்ளியா இருந்தா கட்டட செலவுக்கு கோயில் கோயிலா, ஒய்பி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) ஆபிஸ் ஆபிஸா அலையணும். அந்த மனுஷன் எப்ப வகுப்புக்கு போறது? இதுல பாதி சுமைய பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தூக்க வேண்டியது, நாம என்ன பண்றோம்னா விருந்துக்கும் விளையாட்டு போட்டிக்கும் வந்து முன்வரிசையில உக்காந்துட்டு போறோம்.

அடுத்தது மாற்றல். ஓய்வு பெற ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ இருக்கறவங்கள பெரிய பள்ளிக்கு அனுப்பறது இன்னும் நடக்குது. ஆசிரியருங்க பேர் பழகவே மூணு மாசம் ஆகும், யார் எதுல பலம், யாருக்கு எங்க கை குடுக்கணும்னு தெரிய ஒரு வருஷம், அதுக்குள்ள பிரியாவிடை விழா. பாடம் நடத்துற பழக்கம் ஒரு பள்ளியில மாறணும்னா ஒரே ஆள் சில வருஷமாவது நின்னு செய்யணும். பதவிக்கு வர்றதுக்கு முன்னாடி கல்வி அமைச்சோட அமினுடின் பாக்கி இன்ஸ்டிட்யூட்ல என்.பி.கியூ.இ.எல்-ங்கற பள்ளித் தலைமைப் பயிற்சிய முடிச்சிருக்கணும்னு கொண்டு வந்தது நல்ல காரியம், வெறும் சர்வீஸ் வருஷத்த வச்சு நாற்காலி குடுத்த காலம் போச்சு, ஆனா அவ்ளோ பயிற்சி குடுத்து எடுத்த ஆள ஒரு பள்ளியில நிக்க விடலன்னா பலன் யாருக்கு?

ஆசிரியருங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும். வகுப்புல தலைமையாசிரியர் வந்து உக்காந்தாலே மார்க் போட வந்திருக்காரு, குத்தம் புடிக்க வந்திருக்காருன்னு பயம். வருஷத்துக்கு ரெண்டு தடவ மார்க் போடற ஃபாரம் வச்சுக்கிட்டு மட்டும் வந்தா அந்த பயம் நியாயம்தான், அன்னிக்கு மட்டும் கலர் சார்ட்டும் புரொஜெக்டரும் வெளிய வரும். அடிக்கடி வந்து, ஃபாரம் இல்லாம வந்து, அப்புறம் தனியா உக்காந்து பேசுனா பயம் தானா கொறையும். ஸ்டாஃப் மீட்டிங்ல ஒரு டீச்சர் எந்திரிச்சு "சார், இந்த திட்டம் என் வகுப்புக்கு ஒத்து வராது"ன்னு சொல்லிட்டு நிம்மதியா உக்கார முடியுதுன்னா அந்த பள்ளியில தலைமை சரியா இருக்குன்னு அர்த்தம், நான் அப்படித்தான் பாக்கறேன்.

1816-ல பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு ஆரம்பிச்ச மாநிலம் இது, இன்னிக்கு இங்க 28 தமிழ்ப்பள்ளி இருக்கு. 28 பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் என் வேண்டுகோள், அடுத்த ஆண்டுக்கூட்டத்துல கணக்கறிக்கை முடிஞ்சதும் தலைமையாசிரியர்கிட்ட மரியாதையா ரெண்டு கேள்வி கேளுங்க: இந்த வருஷம் எந்தெந்த வகுப்புல பாடம் முழுசா உக்காந்து பாத்தீங்க, அதுக்கப்புறம் டீச்சருங்களோட சேந்து என்ன மாத்துனீங்க? நேரமே கிடைக்கலன்னு பதில் வந்தா கோவப்படாம, எந்த வேலைய நாங்க எடுத்துக்கிட்டா உங்களுக்கு நேரம் கிடைக்கும்னு அங்கயே கேட்டு கூட்டக் குறிப்புல எழுதிடுங்க. எங்க சங்கத்துல கூரை ரிப்பேர் கொட்டேஷன், பஸ், சீருடை மூணையும் செயலவையே பாத்துக்கறதுன்னு பேச ஆரம்பிச்சிருக்கோம்.

அன்புடன்,
ஒரு பெற்றோர்,
பட்டர்வொர்த், பினாங்கு