நிறத்தைப் பார்த்துப் பாம்பு வாங்குபவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாம்பு என்றாலே கம்பைத் தேடும் நம் மக்களுக்காக இப்படி ஒன்று வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் கலிபோர்னியா கிங்ஸ்னேக் பற்றிச் சொன்ன இடத்தில், ‘நிறம் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு நல்ல முதலீடு’ என்று இருந்ததே, அது சரியில்லை. புதிதாக வாங்க நினைக்கும் இளைஞர்கள் அதை நம்பிப் பணத்தை இறக்கிவிடுவார்கள்.

முதலில், இது ராஜநாகம் இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் மெக்சிகோவின் வடக்கிலும் வாழும் விஷமற்ற பாம்பு. பெரும்பாலும் ஒரு மீட்டர் சொச்சம்தான் வளரும்.

இதன் நிறங்களுக்குக் கடைகளில் சொல்லும் பெயர்களைக் கேட்டால் தலை சுற்றும். ஜவுளிக்கடையில் ஒரே பச்சைக்கு நாலு பெயர் சொல்வதுபோலத்தான். அந்தப் பெயர்களில் சில, காட்டிலேயே உள்ள வகைகளைக் குறிப்பவை. பாலைவனப் பக்கத்துப் பாம்புக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை. கடலோரப் பாம்புக்குப் பழுப்பும் வெளிர் மஞ்சளும். சான் டியேகோ பக்கம் குறுக்குப் பட்டைக்குப் பதிலாக முதுகு நெடுக ஒரே கோடு ஓடும் பாம்புகளும் உண்டு. ஒரு காலத்தில் இந்தக் கோட்டுப் பாம்பை வேறு இனம் என்றே நினைத்திருந்தார்கள். ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரண்டு விதக் குட்டிகளும் வருவதை 1930களில் பாம்பு ஆய்வாளர் லாரன்ஸ் கிளாபர் காட்டிய பிறகுதான் இரண்டும் ஒன்று என்று தெளிவானது. ஆகவே கோடு போட்ட பாம்பை ‘புது மார்ஃப்’, அதாவது புது நிற வகை, என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

‘பனானா’ போன்றவை வேறு கதை. மஞ்சள் கூடுதலாக உள்ள பாம்புகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து வந்த நிறம் அது. பெயர் ஒன்றானாலும் குட்டிக்குக் குட்டி மஞ்சள் கூடும், குறையும்.

பணம் போவது அல்பினோ விஷயத்தில்தான். அது ஒடுங்கிய மரபணு. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால்தான் கறுப்பு நிறமி இல்லாமல், சிவந்த கண்ணுடன் குட்டி பிறக்கும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் குட்டி சாதாரணமாகவே இருக்கும். மரபணுவை மட்டும் சுமந்துகொண்டிருக்கும். இதைத்தான் ‘ஹெட்’ என்கிறார்கள். இரண்டு ஹெட் பாம்புகள் சேர்ந்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி அல்பினோ. மீதி மூன்றும் பார்க்க ஒரே மாதிரி. அதில் இரண்டு ஹெட், ஒன்று வெறும் சாதாரணம். எது எது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பாம்பை இனப்பெருக்கம் செய்து விற்கும் நேர்மையான ப்ரீடர் அந்த மூன்றையும் ‘66 சதவீத ஹெட்’, அதாவது ஹெட்டாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு, என்று விற்பார். பெற்றோரைப் பற்றிய ஆதாரம் எதையும் காட்டாமல் ‘நிச்சயம் ஹெட்’ என்று கூடுதல் ரிங்கிட் கேட்பவரிடம் வாங்குவதற்கு, அந்தப் பணத்தில் ஒரு நல்ல கூண்டு வாங்கலாம். அப்புறம் முதலீடு என்கிறீர்களே, அல்பினோ பெருகப் பெருக விலை இறங்கத்தானே செய்யும்?

குட்டியின் நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்பது இன்னொன்று. மெக்சிகோ கறுப்புக் கிங்ஸ்னேக் குட்டிக்குத் தாடையடியில் சில வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். வளர வளரப் பெரும்பாலும் மங்கிவிடும். புளோரிடா கிங்ஸ்னேக் நேர்மாறு. குட்டியில் பளிச்சென்ற பட்டைகள், இடையிடையே சிவப்பு. பெரிதானால் செதிலுக்குச் செதில் மஞ்சள் ஏறிப் பட்டைகள் கலங்கிப்போகும். தாயையும் தந்தையையும், படத்திலாவது, காட்டச் சொல்லுங்கள். சட்டை உரிக்கப்போகும் பாம்பின் கண் பால் கலந்த நீலமாக இருக்கும், உடம்பும் மங்கிக் கிடக்கும். அதைப் பார்த்து ‘நிறம் மட்டம்’ என்று ஒதுக்க வேண்டாம். பேரம் பேச வேண்டுமானால் அதுதான் நல்ல நேரம்! எந்த வகையிலும் சேராத நிறமாக இருந்தால் கலப்பா என்று கேளுங்கள். கிங்ஸ்னேக்கையும் கார்ன் ஸ்னேக் என்ற வேறொரு பாம்பையும் சேர்த்து எடுத்த குட்டிகள் சந்தையில் உண்டு.

நிறத்துக்கு ஒன்றாக நாலைந்து வாங்கி ஒரே கூண்டில் போடும் ஆசையும் வேண்டாம். பாம்பைத் தின்னும் பாம்பு இது, தன் இனத்தையும் விடாது.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று. கறுப்பு வெள்ளைப் பட்டையுள்ள கட்டுவிரியன் நம் மலேசியாவிலும் உண்டு. இரவில் திரியும், கடித்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் கிங்ஸ்னேக்கைக் கையில் வைத்துப் பழகிய பையன் சாக்கடை ஓரத்தில் அதே மாதிரிப் பட்டையைப் பார்த்தால் கை தானாக நீளும். எவ்வளவு தெரிந்தவனாக இருந்தாலும் வெளியில் கண்ட பாம்பைத் தொடாமல் அவசர எண் 999க்கு அழைப்பதுதான் சரி.

வளர்ப்புப் பாம்பைத் தப்பவும் விடக்கூடாது. ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவில் தப்பிய கலிபோர்னியா கிங்ஸ்னேக்குகள் காட்டில் பெருகி, அங்கே மட்டுமே உள்ள பெரிய பல்லியினத்தை அழித்துக்கொண்டிருக்கின்றன. பிடிபடுபவற்றில் அல்பினோவும் உண்டு, கோடு போட்டதும் உண்டு. யாரோ நிறம் பார்த்து வாங்கியவற்றின் வாரிசுகள்தான். பினாங்கும் தீவுதானே.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எந்தப் பாம்புக்கு என்ன உரிமம் வேண்டும் என்பதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடமே கேட்டு, பக்கத்தில் ஒரு கட்டம் கட்டி வெளியிடுங்கள். விலைப் பட்டியலை விட அது வாசகர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
பாம்பு வளர்க்கும் வாசகன்,
ஜெலுத்தோங், பினாங்கு