எறியாமல் நூறு முறை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சலித்துக்கொண்டது இரவெல்லாம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஜூடோ வகுப்பில் உச்சிகோமி என்று சொல்லி, ஆளை எறியாமல் முதுகில் ஏற்றுவது வரைக்கும் நூறு முறை செய்யச் சொல்கிறார்கள், அதை விட்டுவிட்டு, எதிர்த்து நிற்கும் ஆளோடு நேரடியாக மோதிப் பழகும் ரண்டோரிக்கு மட்டும் போகட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம் சொல்லாமல் மறுத்தது எனக்கே பிடிக்கவில்லை.

எனக்குச் சிலம்பக் கம்பு கொடுத்தவர் உன் தாத்தா. மூன்று மாதம் அதைத் தொடவே விடவில்லை. களத்தில் காலடி மட்டும்தான். பிறகு, தலைக்கு வரும் அடியைத் தடுப்பது ஒன்றையே ஒரு வருடம் செய்தேன். அவர் ‘ம்’ என்பார், அடி வரும், தடுப்பேன். உள்ளங்கை காய்த்துப்போனது. தேறிவிட்டேன் என்று நம்பினேன். ஊர்த் திருவிழாவில், கம்பு நுனியால் எதிராளியைத் தொடும் போட்டியான தொடுமுறைக்கு நின்றபோது, எதிரே நின்ற பெண் ‘ம்’ சொல்லவில்லை. அவள் கம்பு நுனியில் இருந்த சுண்ணாம்புப் பொடி என் தோளிலும் இடுப்பிலும் முழங்காலிலும் வட்ட வட்டமாகப் பதிந்தது. வீடு வரும்வரை அழுதேன்.

தாத்தா அந்தப் பயிற்சியைக் கைவிடவில்லை. அதே தடுப்புதான், ‘ம்’ சொல்வதை மட்டும் நிறுத்தினார். சில சமயம் தோளை அசைத்துவிட்டு அடிக்காமல் நிற்பார். சில சமயம் ஓரடி தள்ளி நின்று, திடீரென்று உள்ளே வருவார். நான் கம்பைப் பார்ப்பதை விட்டு அவர் தோளைப் பார்க்கப் பழகினேன். தடுக்கும் வேலையைக் கை தானாகச் செய்ததால்தான் கண்ணுக்கு அந்த அவகாசம் கிடைத்தது. அந்த ஒரு வருடம் வீண் போகவில்லை, கண்ணே. ஆனால் அதோடு நின்றிருந்தால் வீண்தான்.

நீ சேர்ந்த பிறகு கானோ ஜிகோரோவைப் பற்றிப் படித்தேன். ஜூடோவை உருவாக்கி, 1882-இல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியவர். ஆபத்தான முறைகளை விலக்கிவிட்டு, எதிராளி முழு பலத்தோடு எதிர்க்கும் ரண்டோரிக்கு முதலிடம் கொடுத்தார். அவரே, தாக்குதலும் தற்காப்பும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட கத்தா என்ற பயிற்சியையும் விடாமல் வைத்துக்கொண்டார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

நாளைக்கு எண்ணிக்கையை மறந்துவிடு. தோழியின் சட்டைக் கையை இழுக்கும்போது அவள் குதிகால் தரையை விட்டு எழுகிறதா, எடை முன்பாதத்துக்கு வருகிறதா என்று பார். வராவிட்டால் நீ திரும்பி உள்ளே போய்ப் பயனில்லை. பிறகு அவளை நடக்கச் சொல்லிவிட்டு, நடையிலேயே அதைச் செய்து பார். கடைசிப் பத்து முறை எறிந்தே முடிக்க விடுவார்களா என்று உன் ஆசிரியரிடம் கேள்.

வலது முழங்கால் வலிக்கிறது என்றாயே, அதுதான் எனக்குக் கவலை. குதிகாலைத் தரையில் ஊன்றியபடியே திரும்புகிறாயோ என்று சந்தேகம். முன்பாதத்தில் சுழல வேண்டும், இல்லையென்றால் முறுக்கு முழுவதும் மூட்டில்தான் விழும். யாரையாவது உன் காலை மட்டும் வீடியோ எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. வலி குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டாமல் வகுப்புக்குப் போகாதே.

அன்புடன்,
அம்மா