செட்டாக விற்றீர்கள், செட்டாகவே பொறுப்பேற்க வேண்டும்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் பில்லில் உள்ளபடி),
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
இணையவழிக் கணினி உதிரிபாக விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: 'முதல் கேமிங் பிசி' தொகுப்பு இயங்காதது, கொட்டேஷனில் இல்லாத பொருள்களை அனுப்பியது, புகாரை எங்களைக் கேட்காமலே முடித்து வைத்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

நாங்கள் உங்களிடம் வாங்கியது ஒரு தொகுப்பு. பிராசசர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் டப்பா), கேபினட் என்று ஏழு பெட்டிகளாக வந்தாலும், 'ஒன்றோடொன்று சேருமா என்று எங்கள் நிபுணர்கள் சரிபார்த்தது' என்று உங்கள் பக்கத்தில் போட்டு, அதற்கு ஆலோசனைக் கட்டணம் என்று பில்லில் தனி வரியும் எழுதிக் காசு வாங்கியிருக்கிறீர்கள். அந்தத் தொகுப்பு இன்றுவரை திரையில் ஓர் எழுத்துக்கூடக் காட்டவில்லை. உங்கள் உதவிப் பிரிவோ, ஒவ்வொரு பெட்டிக்கும் அந்தந்தக் கம்பெனி வாரண்டியைப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டு, புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டது. யாரைக் கேட்டு மூடினார்கள் என்பது என் முதல் கேள்வி.

நான் இங்கே ஒரு பலகார ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். கணினி எனக்கும் தம்பிக்கும் சேர்த்து. விளையாடத்தான். 'படிப்புக்கு' என்று வீட்டில் சொல்லியிருப்பதை உங்களிடமும் சொல்ல வேண்டியதில்லை. மானிட்டரும் கீபோர்டும் ஏற்கெனவே இருந்ததால் மற்றதெல்லாம் ஐம்பதாயிரத்துக்குள் முடிய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே உங்கள் ஆலோசகரிடம் கறாராகச் சொல்லிவிட்டோம்.

அவர் வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்பிய பட்டியலில் கண்ணாடிக் கேபினட்டும் கலர் விளக்கு எரியும் ஃபேன்களும் இருந்தன. கார்டு மட்டும் 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போய்வரும் பிசிஐஇ பாதையில் அந்தக் கார்டு நாலே நாலு லேனில், அதாவது தடத்தில், ஓடுவது. அவர் எழுதியிருந்த பி450 ரக மதர்போர்டில் கார்டுக்குக் கிடைப்பது பிசிஐஇ 3.0, அதாவது பழைய தலைமுறைப் பாதை. 4.0-க்கென்று செய்த நாலு லேன் கார்டை 3.0-இல் செருகினால் பாதையின் கொள்ளளவு பாதியாகிவிடும். கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் படம் திக்கித் திக்கித்தான் ஓடும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு மறுத்தது நாங்கள்; காசு வாங்கிய நிபுணர் சொல்லவில்லை. கலர் விளக்குகளை விட்டோம். எஸ்எஸ்டியை 1 டிபியிலிருந்து 500 ஜிபிக்கு இறக்கினோம். மிச்சப்பட்டதை 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600-இல் போட்டோம். அது எட்டு லேன் கார்டு, பழைய போர்டிலும் பெரிதாக அடி வாங்காது, எங்கள் 1080பி மானிட்டருக்குத் தாராளம். பிராசசர் ரைசன் 5 5600: ஆறு கோர், 65 வாட், கூலர் பெட்டியிலேயே வந்துவிடும். விளையாடுவதற்கென்று கட்டும் கணினியில் முதல் பங்கு கார்டுக்கு, அடுத்தது பிராசசருக்கு, மினுக்கெல்லாம் கடைசியில் காசு மிஞ்சினால் என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

போர்டை மட்டும் உங்கள் ஆலோசகர் பொறுப்பில் விட்டோம். கட்டணம் கொடுத்ததே அதற்குத்தான். பி550 போர்டு இரண்டாயிரம் சொச்சம் கூட வந்தது. 'பி450 போதும், 5600 அதில் ஓடும், செக் பண்ணித்தான் அனுப்புவோம்' என்று எழுதினார். மெசேஜ் பத்திரமாக இருக்கிறது.

ஓடும்தான், பயாஸ் (சுவிட்சைப் போட்டதும் போர்டை எழுப்பிப் பிராசசரை அடையாளம் காணும் மென்பொருள்) புதிதாக இருந்தால். பி450 சிப்செட் வந்தது 2018-இல். ரைசன் 5 5600 வந்தது 2022-இல். இரண்டுக்கும் ஏஎம்4 சாக்கெட்தான் என்பதால் பிராசசர் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் போர்டுக்குள் இருக்கும் பயாஸ் பழையதாக இருந்தால் உட்கார்ந்திருப்பது யாரென்றே அதற்குத் தெரியாது. சில போர்டுகளில் பிராசசர் இல்லாமலே பென்டிரைவைச் செருகிப் பயாஸைப் புதுப்பிக்கப் பின்பக்கம் ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் அனுப்பிய மாடலில் அது கிடையாது. ரைசன் 5000 வரிசைக்குத் தயார் என்று சில பெட்டிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி வரும். எங்கள் பெட்டியில் அதுவும் இல்லை. பொத்தான் இல்லாத போர்டுக்குப் புதுப் பயாஸ் ஏற்ற வேண்டுமானால் வேறொரு பழைய ஏஎம்4 பிராசசர் கையில் வேண்டும். முதல்முறை கணினி கட்டுகிறவர் வீட்டில் அது எப்படி இருக்கும்? 'முதல் கேமிங் பிசி' என்று பெயர் வைத்து விற்பவர்களுக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா?

எல்லாவற்றையும் பூட்டிச் சுவிட்சைப் போட்டால் ஃபேன்கள் சுற்றுகின்றன, கார்டும் சுற்றுகிறது, மானிட்டரில் 'நோ சிக்னல்'. போர்டின் ஓரத்தில் சிபியு என்று அச்சடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு அணையாமல் நிற்கிறது. படம் எடுத்து அனுப்பினோம். 'கார்டைக் கழற்றிவிட்டு ஹெச்டிஎம்ஐயைப் போர்டிலேயே செருகிப் பாருங்கள்' என்று பதில் வந்தது. ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸே கிடையாது. 5600ஜி என்று 'ஜி' போட்டு வருவதில்தான் உண்டு. போர்டு நல்ல நிலையில் இருந்தாலும் அப்படிச் செருகினால் திரை இருட்டாகத்தான் இருக்கும். விற்றது எந்தப் பிராசசர் என்று ஆர்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் எழுதிய பதில் இது. பிறகு ராமைக் கழற்றி ரப்பரால் துடைக்கச் சொன்னார்கள், துடைத்தோம். கடைசியில் 'போர்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள், மதுரையில் இருக்கும்' என்றார்கள். பழுதே ஆகாத போர்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மதுரைக்குப் போய், நான் என்னவென்று சொல்லிக் கொடுப்பது?

பழுதில்லை என்று எப்படித் தெரியும் என்றால், இங்கேயே சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் தன் கடைக் கணினியிலிருந்து பழைய ரைசன் 5 2600-ஐக் கழற்றி எங்கள் போர்டில் வைத்துப் பார்த்தார். உடனே திரை வந்தது. பயாஸ் பக்கத்தில் நின்ற தேதி 2019. 5600 சந்தைக்கு வருவதற்கு மூன்று வருடம் முந்தியது. 'பத்து நிமிஷ வேலை தங்கச்சி, புதுசு ஏத்தித் தந்துடுறேன்' என்றார், கூலிகூடக் கேட்கவில்லை. எதற்கும் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று சாட்டில் எழுதினேன். வெளியாள் பயாஸில் கை வைத்தால் ரிட்டர்னும் இல்லை, ரீப்ளேஸ்மென்ட்டும் இல்லை என்று பதில் வந்தது. அண்ணன் தன் பிராசசரைக் கழற்றிக்கொண்டார். நீங்களும் செய்ய மாட்டீர்கள், செய்ய வருபவரையும் விட மாட்டீர்கள். இதற்கு என்ன பெயர்?

எங்கள் ஊர்ப் பக்கம் நிலையும் கதவும் ஒரே ஆசாரியிடம் சொல்லிச் செய்வது வழக்கம். நிலை நல்ல தேக்கு, கதவும் நல்ல தேக்கு, ஆனால் கதவு நிலையில் உட்காரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மரத்தில் குறையிருந்தால் மரக்கடையில் போய்க் கேள்' என்று ஆசாரி சொல்வாரா? போர்டைச் செய்தவர் மேலும் பிராசசரைச் செய்தவர் மேலும் எனக்குப் புகாரில்லை. சேருமா என்று பார்த்துத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கியவர் நீங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். போர்டு விஷயத்தைக்கூடக் கவனக்குறைவு என்று நினைக்கலாம், இதை அப்படி நினைக்க என்னால் முடியவில்லை. கொட்டேஷனில் இருந்தது கம்பெனி பெயர், மாடல் எண்ணோடு 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலத் தர) திறன் முத்திரை. பில்லில் இருப்பது 'எஸ்எம்பிஎஸ் 550 வாட்' என்று மொட்டை வரி. விலை மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மாற்றி அனுப்பப் போகிறோம் என்று ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. கேட்டதற்கு 'ஸ்டாக் இல்லை, அதற்குச் சமமானது அனுப்பியிருக்கிறோம்' என்றார்கள்.

சமமா என்று நீங்களே பாருங்கள். டப்பாவைத் தூக்கினால் கையில் கனமே தெரியவில்லை. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 550 என்று கொட்டை எழுத்து. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் +12 வோல்ட்டுக்கு நேரே 20 ஆம்பியர் என்றிருக்கிறது. பெருக்கினால் 240 வாட். பிராசசரும் கார்டும் பிரதானமாக இழுப்பது அந்த 12 வோல்ட் வழியில்தான். மற்ற வோல்ட்டுகளில் எவ்வளவு எழுதி 550 ஆக்கினாலும் எங்களுக்கு உபயோகமில்லை. கார்டுக்கு 132 வாட், பிராசசருக்கு 65, ஆக 197. ஃபேனும் மற்றதும் தனி. விளையாட்டு சூடுபிடிக்கும்போது கார்டு கண நேரத்துக்கு இதைவிட அதிகமாகவும் இழுக்கும். ஸ்டிக்கரில் எழுதியதை அப்படியே நம்பினாலும் விளிம்பில்தான் நிற்கிறது. நம்புவதற்கு அதில் 80 பிளஸ் முத்திரையும் இல்லை. பிரான்ஸ் முத்திரை என்றால் பாதிச் சுமையில் குறைந்தது 85 சதவீதத் திறன் என்று சோதனையில் தேறியிருக்க வேண்டும். இந்த டப்பாவை யார் சோதித்தது?

கார்டுக்கு வேண்டிய 8 பின் ஒயரும் அதில் இல்லை. பதிலுக்கு இரண்டு மோலெக்ஸ் (பழைய பாணி 4 பின்) பிளக்கைச் சேர்த்து 8 பின்னாக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். மெலிசான ஒயர், ஒரு நுனியில் உறை விலகிச் செம்பு தெரிகிறது. சர்வீஸ் கடை அண்ணன் அதைப் பார்த்ததும் 'இதை மாட்டி ஓட்டாதீங்க' என்று சொல்லிவிட்டுத் தன் கடை எஸ்எம்பிஎஸ்ஸில்தான் சோதித்தார். எங்கள் வீடு தாத்தா காலத்து வீடு. இந்தக் கணினிக்கென்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புதிதாக எர்த் கம்பி இறக்கி, தனி பிளக் பாயின்ட் போட்டோம். சித்திரை மாதம் இருட்டியதும் தெரு முழுக்க ஏசி ஓடும், வோல்டேஜ் இறங்கி ஏறும். அப்படிப்பட்ட இடத்தில் இருபதாயிரம் ரூபாய்க் கார்டை இந்த டப்பாவை நம்பி மாட்டச் சொல்கிறீர்கள்.

ராம் விஷயம் சிறியது, ஆனால் அதே வகை. 8 ஜிபி இரண்டு என்று கொட்டேஷன்; வந்தது 16 ஜிபி ஒன்று. 'மொத்தம் பதினாறுதானே மேடம்' என்றார் உங்கள் ஆள். எட்டும் எட்டும் பதினாறு என்று கணக்கு எழுதுகிறவளுக்கே சொல்லித் தருகிறார். இரண்டு குச்சி இருந்தால்தான் பிராசசர் இரண்டு சேனலிலும் ஒரே நேரத்தில் எடுத்துப் போடும். ஒற்றைக் குச்சி என்றால் ஒரு சேனல் சும்மா கிடக்கும், விளையாட்டில் அது தெரியும். கார்டு, எஸ்எஸ்டி, கேபினட் மூன்றும் சொன்னபடி வந்தன.

'பெட்டி திறந்த பொருளைத் திருப்பி எடுக்க முடியாது' என்று உங்கள் விதியைக் காட்டுகிறீர்கள். பெட்டியைத் திறக்காமல் கணினி கட்டும் வித்தை எனக்குத் தெரியாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரப்படுத்திய அல்லது ஒப்புக்கொண்ட தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அதே விதிகள்தான் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று குறைதீர் அலுவலருக்குச் சொல்கின்றன. சாட்டில் பேசியவர்களை விட்டு உங்களுக்கு நேராக எழுதுவது அதனால்தான்.

நான் கேட்பது இது. போர்டுக்குப் பதிலாக, 5600-ஐ வைத்து ஓட்டிப் பார்த்த போர்டு ஒன்றை அனுப்புங்கள். பி450 ஆனாலும் சரி, பி550 ஆனாலும் சரி. விலை வித்தியாசம் இருந்தால் அது உங்களுடையது. கொட்டேஷனில் உள்ள அதே எஸ்எம்பிஎஸ், அதே 8 ஜிபி ராம் இரண்டு, இவையும் வர வேண்டும். பழையதை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலோசனைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள், அந்த வேலை நடக்கவேயில்லை. இது முடியாதென்றால் ஏழு பெட்டியையும் எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். கூப்பன், வாலட் பாயின்ட் எதுவும் வேண்டாம், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே போக வேண்டும்.

ஒரு மாதம் பார்ப்பேன். அதற்குள் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. கொட்டேஷன், பில், வாட்ஸ்அப் உரையாடல், 2019 பயாஸ் திரை, எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர், கன்வெர்ட்டர் ஒயர் ஆகியவற்றின் படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பொருளை எடுக்கக் கூரியர் ஆளை அனுப்பினால் மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்பவும். பகலில் முகப்பில் எங்கள் அப்பத்தா மட்டும்தான் இருப்பார்கள். அவர்களிடம் ஓடிபி கேட்க வேண்டாம், என் நம்பருக்கு அழைக்கவும்.

இப்படிக்கு,
ஆர்டரில் பெயருள்ள வாடிக்கையாளர்,
காரைக்குடி.