வியாழன் ஏன் வெள்ளைப் பொட்டாக வந்தது

அன்பு நண்பா,

கடிதமும், தொலைநோக்கியில் வெப்கேமை மாட்டி நீ எடுத்த படமும் கிடைத்தன. வியாழன் வெறும் வெள்ளைப் பொட்டாக விழுந்திருக்கிறதே என்று கேமராவைத் திட்டாதே. ஃபிரேமில் முக்கால்வாசிக்கு மேல் கறுப்பு வானம். ரொம்ப இருட்டு என்று கணக்குப் போட்டு ஆட்டோ எக்ஸ்போஷர் வெளிச்சத்தை ஏற்றிவிட்டது. வியாழனின் மேகப் பட்டைகள் வெளுத்துப்போயின. படம்பிடிக்கும் மென்பொருளான ஷார்ப்கேப்பில் ஆட்டோவை எடுத்துவிட்டு, எக்ஸ்போஷரையும் கெயினையும் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கையால் வை. ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. திரையில் மங்கலாகத்தான் தெரியும், பரவாயில்லை.

உன் சி270 வெப்கேமில் ஒரு பிக்சல் 2.8 மைக்ரான். அதற்குப் பொருத்தமான எஃப் எண்ணுக்கு (குவிய தூரத்தைக் கண்ணாடியின் விட்டத்தால் வகுத்தது) அதை ஐந்தால் பெருக்கு, எஃப்/14 வரும். உன் 150 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி எஃப்/8, குவிய தூரத்தை இரட்டிப்பாக்கும் 2எக்ஸ் பார்லோ லென்ஸ் போட்டால் எஃப்/16. இதற்கு மேல் பெரிதாக்கினால் படம்தான் பெரிதாகும், விவரம் அதிகமாகாது.

தொலைநோக்கியில் மாட்ட வெப்கேமின் லென்ஸைக் கழற்றியதும் அதோடு அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியும் போய்விட்டது, கவனித்தாயா? சிப்புக்கு அகச்சிவப்பும் தெரியும். நிறமெல்லாம் வெளிறி, பார்லோவில் அந்த ஒளி வேறிடத்தில் குவிந்து விளிம்பும் குழையும். ஒன்றேகால் அங்குல ஐஆர்-கட் (அகச்சிவப்பைத் தடுக்கும்) ஃபில்டர் ஒன்றைக் கேமரா மூக்கில் திருகிவிடு. கேமராவின் சின்ன விளக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டு. சிப்பில் தூசி விழுந்தால் காற்றுப் பந்தால் மட்டும் ஊது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

பார்லோவோடு வானத்தில் உனக்குத் தெரிவது அகலத்தில் 5 கலை, உயரத்தில் 3 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒன்று), அவ்வளவுதான். மோட்டார் இல்லையென்றால் கிரகம் 20 விநாடியில் ஓடிவிடும். ஆகவே முதலில் ஃபைண்டரை, அதாவது குறிபார்க்கும் சின்னத் தொலைநோக்கியை, சரிபார். வியாழனை ஐபீஸின் நட்டநடுவில் வைத்துவிட்டுக் கேமராவை மாட்டு. ஃபோகஸுக்குக் கிரகத்தைப் பார்க்காதே, பக்கத்தில் தெரியும் வியாழனின் நிலா ஒன்றைப் பார். அது எப்போது மிகச் சின்னப் புள்ளியாகிறதோ, அதுதான் இடம்.

வீடியோ எவ்வளவு நேரம் எடுப்பது என்று கேட்டிருந்தாய். வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. உன் படத்தில் தெரியும் அளவுக்கு அதன் நடுப்பகுதி நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு பிக்சல் நகரும். இரண்டு நிமிடம் போதும். மூன்றைத் தாண்டினால் பட்டைகளின் நுணுக்கம் இழுபடும். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 3600 கிடைக்கும். காற்று அசையாத கணங்களில் விழுந்த ஃபிரேம்கள் அதில் கொஞ்சம்தான். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் அவற்றைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாகத் தரும். முதலில் நல்ல ஃபிரேம்களில் 20 சதவீதம் மட்டும் வைத்துப் பார். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளின் வேவ்லெட், படத்தைக் கூர்மையாக்கும் கருவி. இதில்தான் எல்லோரும் அளவு மீறிவிடுவார்கள். கோளின் விளிம்பில் தோல் உரித்த மாதிரி ஒரு பொய் வளையம் வந்தால் ஸ்லைடரைப் பின்னால் இழு.

அதோடு மொட்டை மாடி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவில் சூட்டைக் கக்கும், படம் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். மண் தரைக்கு இறக்கு, அல்லது நள்ளிரவு தாண்டட்டும். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடு.

அடுத்த தடவை படம் அனுப்பாதே, வீடியோவையே அனுப்பு. அடுக்காததைப் பார்த்தால்தான் கோளாறு காற்றிலா ஃபோகஸிலா என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்