நரி ஓட்டிய ஊர்க்காரி எழுதுவது

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள கண்ணு,

உன் பெரியப்பா மகனிடம் காபித் தூள் இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு, இன்னொன்று நீ குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு. ஏற்காட்டுக் கொட்டை. சிக்கரி சேர்க்கக் கூடாது என்று கடையிலேயே நின்று அரைத்து வாங்கினேன். எதற்கு என்று உனக்குத் தெரியும்.

கனடாவில் உன் வின்னிபெக்கிலிருந்து திரும்பி மூன்று மாதம் ஆகிறது. அந்த மாலை நினைவுக்கு வந்தால் இன்றும் கையிலிருக்கும் வேலை நின்றுவிடுகிறது. பாவம், அந்த வீட்டுக்கார அம்மா எவ்வளவு ஆசையாகத் தன் கர்லிங் மன்றத்துக்கு அழைத்துப் போனார்! பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டுக் குறிவட்டத்தில் நிறுத்துகிற ஆட்டம். ஒருவர் கல்லைத் தள்ளிவிட, இரண்டு பேர் அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓட, அந்தக் கோடியில் ஒருவர் நின்று தொண்டை கிழியக் கத்த, மாமியார் மருமகள்களை வேலை வாங்குவது போலவே இருந்தது எனக்கு. “வாசல் பெருக்குகிறவளுக்கெல்லாம் பதக்கம் என்றால் நம் தெருவுக்கே தங்கம் போதாது” என்றேன். தமிழில்தான் சொன்னேன், கண்ணு. நீ ஏன் சிரித்துக்கொண்டே அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாய்? முக்கால் பழி என்னுடையது, கால் பழி உன்னுடையது.

அவர் சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. முகம் ஒரு நொடி சுருங்கியது, அவ்வளவுதான். என் கையைப் பிடித்து ஒரு கல்லின் பக்கத்தில் நிறுத்தித் தூக்கச் சொன்னார். கைப்பிடி வைத்த பூசணிக்காய்தானே என்று குனிந்தேன், அசையவில்லை. கிட்டத்தட்ட இருபது கிலோ. ஒலிம்பிக்கில் ஓடும் கற்கள் ஸ்காட்லாந்துக் கடலில் இருக்கும் எய்ல்சா கிரெய்க் என்ற சின்னத் தீவின் பாறையிலிருந்து வருகின்றனவாம். தண்ணீர் குடிக்காத கல் என்று நீ சொன்னாய்.

பனித்தரையையும் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி போல் வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்தால், வியர்க்குரு மாதிரி பொடிப்பொடியாகத் தட்டுப்பட்டது. ஆட்டத்துக்கு முன்பு தண்ணீரைத் தூவி உறையவிட்ட துளிகள் அவை. துடைப்பம் தேய்க்கிற தேய்ப்பில் அங்கே துளி சூடேறும், கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். நான் பெருக்குகிறார்கள் என்று நினைத்தேன், அவர்கள் கல்லுக்கு வழி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று அவருடைய அணிதான் வென்றது. வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்து ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு தேநீர் வந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு நீ சொல்கிறாய், 2014-இல் சோச்சி ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வாங்கிய ஜெனிஃபர் ஜோன்ஸ் அணி அந்த ஊர்தான் என்று! சின்னப்பம்பட்டியில் நடராஜன் வீட்டுத் தெருவில் நின்றுகொண்டு கிரிக்கெட்டைக் கேலி செய்த கதையாகிவிட்டது.

அந்தச் சுருங்கிய முகம் எனக்குப் புதிதில்லை. கல்யாணமாகி வந்த முதல் பொங்கலில் என் முகமும் அப்படித்தான் சுருங்கியது. எங்கள் வாழப்பாடிப் பக்கத்து வங்காநரி ஜல்லிக்கட்டைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். பொங்கல் சமயத்தில் கரட்டுக்காட்டில் வலை போட்டு நரி பிடித்து வருவார்கள். கயிறு கட்டிக் கோயில் பக்கம் ஓடவிட்டுப் பிறகு காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் அந்த வருஷம் நல்லது என்று என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டுவார். அதை இந்த வீட்டில் பெருமையாகச் சொன்னேன். உன் அத்தை, “மாடு பிடிக்கப் பயந்துகொண்டு நரி பிடித்தீர்களாக்கும்!” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

வனத்துறை அதைத் தடுத்து அபராதம் போடுவது நியாயம்தான். வாயில்லாச் சீவனைக் கயிற்றில் கட்டி ஓட்டுவதில் என்ன வீரம்? ஆனால் அதை நான் சொல்லலாம், உன் அத்தை சொல்லக் கூடாது.

காபித் தூளைக் கொடுக்கும்போது, தெரியாமல் பேசிவிட்டேன் என்று நான் சொன்னதாகச் சொல். இந்த முறை அதை மட்டும் அப்படியே மொழிபெயர். மாமியார், மருமகள் சமாச்சாரமெல்லாம் வேண்டாம். நரிக் கதையை மட்டும் முழுக்கச் சொல்லிவிடு. அவரும் ஒரு தடவை சிரித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அம்மா