கார்டு வேண்டாமுங்க, காரணத்தை எழுதித் தாருங்கள்

கடன் அட்டைப் பிரிவு அதிகாரிகளுக்கு வணக்கமுங்க.

வங்கியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அனுப்பியவர்களுக்குத் தெரியும். "உங்களுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட கிரெடிட் கார்டு" என்று என் பெயரும் கதவு எண்ணும் போட்டு, பளபளக்கிற உறையில் தபால் வந்தது. நானாகக் கேட்கவில்லை. சரி, இவ்வளவு சொல்கிறார்களே என்று பான், ஆதார், வருமான வரி ரிட்டர்ன் எல்லாம் கொடுத்தேன். முடிவில் வந்தது ஒரு எஸ்எம்எஸ்: உள் கொள்கைப்படி விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லையாம்.

கார்டு வராததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. நடுவில் வீட்டைச் சரிபார்க்க ஒரு தம்பியை அனுப்பினீர்களே, அதைத்தான் சொல்ல வேண்டும். நான் தறிக்குடோனில் இருந்தேன். தறி ஓடுகிற சத்தத்தில் போன் அடித்தது தெரியவில்லை. அவர் பக்கத்து வீட்டிலும் எதிர் மளிகைக் கடையிலும் விசாரித்திருக்கிறார். இவர் இங்கேதான் இருக்கிறாரா, சொந்த வீடா வாடகையா, எத்தனை வருஷமாக? அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை அது. ஆனால் கோயம்புத்தூரை அடுத்த எங்கள் சோமனூர் பக்கம் பேங்க்காரர் ஒருவர் பேரைச் சொல்லி அக்கம்பக்கத்தில் விசாரித்தால், ஊர் ஒன்றே ஒன்றைத்தான் நினைக்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "என்ன சாமி, கடன்ல ஏதாச்சும் மாட்டிக்கிட்டயா?" என்றார். மறுநாள் நெய்வதற்கு எனக்குப் பாவு நூல் கொடுக்கிற ஜவுளிக்காரரே போன் செய்து, "ஏனுங்க, பேங்க்ல ஏதோ பிரச்சனைன்னாங்க, பாவு இறக்கலாமுங்களா?" என்று கேட்டார். கார்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், அதற்குத்தான் வந்தார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்புறம் கார்டும் வரவில்லை. நான் சொன்னது பொய் என்றே ஆகிவிட்டது.

அதனால்தான் கேட்கிறேன்: ஏன் மறுத்தீர்கள் என்று எழுதித் தாருங்கள்.

தேர்வு செய்தோம் என்று தபால் போடுவதும் கார்டு கொடுப்பதும் வேறு வேறு என்பது இப்போது புரிகிறது. கணக்கு வைத்திருக்கிற வங்கி அனுப்பினாலாவது நம் வரவு செலவைப் பார்த்திருக்கும், கிடைக்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம். மற்றவர்கள் கையில் உள்ள பட்டியலை மேலோட்டமாகச் சலித்து உறையில் போடுகிறார்கள். உண்மையான சோதனை விண்ணப்பித்த பிறகுதான். அப்போது என் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையை எடுக்கிறீர்கள், அந்த விசாரணை என் பேரில் பதிவாகிறது. நாளைக்குத் தறிக்கு லோன் கேட்டுப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் அதையும் பார்ப்பார். 300-க்கும் 900-க்கும் நடுவே என் சிபில் மதிப்பெண் எங்கே இருந்தாலும், தேவையில்லாமல் ஒரு கீறல்.

காரணம் என்னவாக இருக்கும்? நான் கூலிக்கு நெய்கிறவன், மாதச் சம்பளச் சீட்டு கிடையாது. மொத்த வரவில் ஒரு பங்கை லாபமாகக் காட்டுகிற சிறு தொழில் முறையில் ரிட்டர்ன் போடுகிறோம், அதில் தெரிகிற வருமானம் உங்களுக்குப் போதவில்லையோ? இல்லை, எங்கள் பின்கோடே உங்கள் பட்டியலில் இல்லையோ? அப்படியானால் அதே பின்கோடுக்குத் தபால் மட்டும் எப்படி வந்ததுங்க? பாவு தருகிறேன் என்று தறியைக் காலி செய்யச் சொன்ன ஜவுளிக்காரர் கடைசியில் கைவிரித்தாலும், துணி விலை போகவில்லை என்று நேரில் சொல்லிவிடுவார். எங்கள் ஏலச்சீட்டுக்காரருக்கு ஏசி அறை இல்லை, அவரும் முகத்துக்கு நேரே சொல்வார். விமான நிலையத்தில் இலவசமாக உட்கார வைத்துச் சாப்பாடு போடுவோம் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு ஒரு வரிக் காரணம் எழுத வராதா? சலுகையெல்லாம் கொட்டை எழுத்துத் தமிழில், நிபந்தனை மட்டும் எறும்பளவு ஆங்கிலத்தில்.

மன்னியுங்கள், கொஞ்சம் சூடாகிவிட்டது. நான் சலுகை எதுவும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை மறுத்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை வழிகாட்டுதலே சொல்கிறது. "உள் கொள்கை" என்பது குறிப்பான காரணம் ஆகாதுங்க.

ஆகவே தயவுசெய்து, என்ன காரணம் என்று எழுதி அனுப்புங்கள். கொடுக்க முடியாதவர்கள் என்று முன்பே தெரிந்தால் அவர்கள் வீட்டுக்கு உறையையும் ஆளையும் அனுப்பாதீர்கள். இதே புகாரை உங்கள் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் அனுப்பியிருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்று விதி இருக்கிறது. அந்த வேலையை எனக்கு வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
சோமனூர் பக்கத்து விசைத்தறிக்காரன்